ரேஸ் பள்ளிக் காரில் முதல்முறை உட்காரப் போகிறவர்களுக்கு: பாண்டி, கடலூரிலிருந்து ஒரு வழிகாட்டி

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி விளக்கொளியில் ஃபார்முலா 4 கார்கள் ஓடின; ஒற்றை இருக்கை ரேஸ் கார்களில் இளம் ஓட்டுநர்களுக்கான தொடக்கப் போட்டி வகை அது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர், "இதை எங்கே கற்றுக்கொள்வது, எப்படிச் சேர்வது" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். பாண்டியிலும் கடலூரிலும் ரேஸ் டிராக் கிடையாது. ஆனால் இந்தியாவில் தொடர்ந்து கார் ரேஸ் நடக்கிற டிராக்குகளில் இரண்டு தமிழ்நாட்டில்தான் இருக்கின்றன. ஒன்று ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்துவது. முழுச் சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். இன்னொன்று கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. சுமார் 2.1 கிலோமீட்டர் நீளம், 2003இல் திறந்தது. வடநாட்டுப் பிள்ளைகள் ரயிலேறி வருகிற இருங்காட்டுக்கோட்டை நமக்குக் காலையில் கிளம்பி மதியத்துக்குள் போய்விடுகிற தூரத்தில் இருக்கிறது.

அந்தப் பிள்ளைகளோடு டிராக்குக்குப் போய்வருகிறவன் என்ற முறையில் ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ரேஸ் பள்ளியின் காரைக் கண்டதும் முகம் வாடிவிடும். இறக்கை இல்லை, பெயின்ட் மங்கியிருக்கிறது, டயர் ஒல்லி, எஞ்ஜின் ஏதோ ஒரு மாருதியிலிருந்து வந்தது. "இதுவா ரேஸ் கார்?" என்று கேட்பார்கள். இதுதான். ஓட்டுபவர் செய்கிற தப்பை மறைக்காமல் காட்ட வேண்டும் என்பதற்காகவே இப்படி எளிமையாகச் செய்யப்பட்ட கார் அது. இதைப் புரிந்துகொண்டு போகிற பிள்ளைக்கும் புரியாமல் போகிற பிள்ளைக்கும் ஒரே நாளில் பெரிய வித்தியாசம் வந்துவிடுகிறது.

முதலில் வயசும் சட்டமும்

சாலையில் கார் ஓட்ட 18 வயது முடிந்திருக்க வேண்டும். டிராக் என்பது மூடிய இடம், அங்கே விதி வேறு. எட்டு வயதையொட்டியே கார்ட் (கூரையில்லாத சின்ன ரேஸ் வண்டி) ரேஸில் பிள்ளைகள் இறங்குகிறார்கள். உலக மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் விதிப்படி ஃபார்முலா 4க்குக் குறைந்தபட்ச வயது 15. அதனால் பத்தாம் வகுப்புப் பையனோ பெண்ணோ பெற்றோர் கையெழுத்துடன் ரேஸ் பள்ளியில் சேர்ந்து ரேஸ் கார் ஓட்டலாம். அதே பிள்ளை வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு காலாப்பட்டு வரைக்கும்கூடப் போகக்கூடாது.

பெற்றோர் இதை மிகக் கண்டிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டிக்காரர் மீது வழக்கு வரும். மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. பொதுச் சாலையில் அனுமதியில்லாமல் பந்தயம் விடுவது தனிக்குற்றம். ஈசிஆரில் ராத்திரி பந்தயம் விட்டுப் போன உயிர்களைப் பற்றி இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. வேக ஆசை இருக்கிற பிள்ளையை அடக்கி வைப்பதைவிட டிராக்குக்குக் கூட்டிப் போவது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

கார்ட்டில் தொடங்குங்கள்

14 வயதுக்குக் கீழே இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், கார்ட்தான். அதற்கு மேலே இருந்தாலும், பள்ளிக்குப் பணம் கட்டுமுன் சில மாதம் வாடகைக் கார்ட் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கார்ட்டில் ஸ்பிரிங் கிடையாது, இரண்டு பின்சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே கம்பியில் இறுகியிருக்கும். வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் கொஞ்சம் தூக்கிக்கொண்டால்தான் வண்டி ஒழுங்காகத் திரும்பும். ஸ்டீயரிங்கை முரட்டுத்தனமாகத் திருப்பினால் வேகம் செத்துவிடும். கையை எவ்வளவு மென்மையாக வைத்தால் வண்டி எவ்வளவு ஓடும் என்பதை இதைவிட மலிவாகச் சொல்லித்தர வேறு கருவி இல்லை.

வாடகைக் கார்ட்டில் பிள்ளைகள் வளைவு தோறும் சறுக்கிச் சறுக்கிப் போய், அதுதான் வேகம் என்று நம்பிக்கொள்வார்கள். அப்படி ஓட்டும் பிள்ளையிடம் நேரம் காட்டும் சீட்டை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். சறுக்காத சுற்றுதான் எப்போதும் குறைந்த நேரத்தில் முடிந்திருக்கும்.

பள்ளியை அதன் காரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

சுவரில் மாட்டியிருக்கும் படங்களையும் கோப்பைகளையும் விட்டுவிட்டு, ஷெட்டுக்குள் போய்க் காரைப் பாருங்கள்.

எல்லாக் காரும் ஒரே மாதிரி இருக்கிறதா? இது முக்கியம். ஒரே எஞ்ஜின், ஒரே டயர், ஒரே அமைப்பு என்றால்தான், உங்களுக்கும் பக்கத்தில் ஓட்டுபவருக்கும் இடையே இரண்டு வினாடி வித்தியாசம் வந்தால் அது ஓட்டுபவரின் வித்தியாசம் என்று சொல்ல முடியும். நல்ல பயிற்சியாளர், "என் கார் இழுக்கவில்லை" என்று சொல்லும் மாணவனை அடுத்த முறை வேகமாகப் போனவரின் காரில் உட்கார வைத்துவிடுவார். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

டயரைத் தொட்டுப் பாருங்கள். பள்ளிகள் பெரும்பாலும் கடினமான ரப்பரைப் போடுகின்றன. சிக்கனம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், கடினமான டயர் குறைந்த வேகத்திலேயே மெல்ல மெல்லப் பிடியை விடும். பின்பக்கம் நழுவுகிறது என்பதை முதுகால் உணர்ந்து ஸ்டீயரிங்கைத் திருத்த நேரம் கிடைக்கும். போட்டிக்கான மென்மையான, கோடு வெட்டாத ஸ்லிக் டயர் கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்து சட்டென்று விட்டுவிடும். கற்றுக்கொள்கிறவருக்கு அது ஆகாது. இறக்கை இல்லாததற்கும் இதே விளக்கம். இறக்கை இருந்தால் வேகம் கூடக்கூடக் காற்று காரைத் தரையில் அழுத்தும். பிரேக்கைத் தப்பான இடத்தில் விட்டாலும் கார் சமாளித்துவிடும், மாணவருக்குத் தப்பு தெரியாமலே போய்விடும்.

இந்த யோசனை நேற்று வந்ததில்லை. 1960களில் இங்கிலாந்தில் பிராண்ட்ஸ் ஹேட்ச் டிராக்கின் பயிற்சிப் பள்ளிக்கு ரேஸ் எஞ்ஜினும் ரேஸ் டயரும் கட்டுப்படியாகவில்லை. சாலைக் காரின் ஃபோர்ட் எஞ்ஜினையும் சாலை டயரையும் ஒற்றை இருக்கைக் காரில் போட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். அது நன்றாக வேலை செய்யவே, அதிலிருந்து 1967இல் ஃபார்முலா ஃபோர்ட் என்ற போட்டி வகையே பிறந்தது. அயர்ட்டன் சென்னா கார்ட்டிலிருந்து காருக்கு மாறியபோது 1981இல் ஓட்டியது அந்த வகைக் காரைத்தான். நம் ஊரில் அதைச் செய்தவர் கோயம்புத்தூர் எஸ். கரிவரதன். மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் எஞ்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை உருவாக்கினார். 1995இல் விமான விபத்தில் மறைந்தார். செட்டிப்பாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான். நரேன் கார்த்திகேயன் 1992இல் பிரான்ஸின் வின்ஃபீல்ட் பள்ளியில் பயின்று வந்து, 1993இல் ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டியது இந்த ஃபார்முலா மாருதியை. 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர் அவர். 800 சிசிக்கும் குறைவான எஞ்ஜினைச் சின்னது என்று அவர் ஒதுக்கவில்லை.

பிறகு கியர்பாக்ஸ். ஃபார்முலா 4 காரில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடுப்பு இருக்கும், விரலால் இழுத்தால் கியர் மாறும். பள்ளிக் காரில் குச்சி கியரும் கிளட்சும் இருந்தால் சந்தோஷப்படுங்கள். ரேஸ் கியர்பாக்ஸில் சாலைக் காரில் இருப்பதுபோல் பற்களைச் சமப்படுத்தும் சின்க்ரோ இருக்காது. தயங்கித் தயங்கிப் போட்டால் கரகரக்கும், பல் தேயும். தீர்மானமாகப் போட வேண்டும். கியரைக் குறைக்கும்போது வலது காலின் முன்பாதம் பிரேக்கை அழுத்திக்கொண்டே இருக்க, அதே காலின் ஓரம் ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் எஞ்ஜின் வேகமும் சக்கர வேகமும் ஒத்துப்போகாமல் பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக்கொள்ளும், கார் சுழன்றுவிடும். இதை முதல் நாளே யாரும் சரியாகச் செய்வதில்லை. வீட்டில் நின்றிருக்கும் காரில், எஞ்ஜினை அணைத்துவிட்டு, அந்தக் கால் அசைவை மட்டும் தினமும் பழகிக்கொண்டு போங்கள்.

எஞ்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்று காட்டும் ஆர்பிஎம் மீட்டரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பல பள்ளிகளில் அது அதிகபட்சமாகப் போன அளவை நினைவில் வைத்துக்கொள்ளும். "4,500க்கு மேல் போகாதே" என்று சொல்லி அனுப்புவார்கள். திரும்பி வந்ததும் பயிற்சியாளர் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான். சொன்ன அளவுக்குள் நிற்கிற மாணவருக்கு அடுத்த முறை வரம்பு உயரும். ஒற்றை இருக்கைக் காரில் பக்கத்தில் யாரும் உட்கார முடியாது. ஆகவே மீட்டரும், ஓட்டத்தைப் பதிவு செய்யும் டேட்டா பெட்டியும், வளைவோரம் நிற்கும் பயிற்சியாளரின் கண்ணும்தான் உங்களோடு வருகிற ஆசிரியர்கள்.

பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்க வேண்டியவை

தொகை பள்ளிக்குப் பள்ளி, பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் எண்ணை விட்டுவிட்டு, அந்த எண்ணுக்குள் என்ன அடங்கும் என்று கேளுங்கள். டிராக் வாடகை, பெட்ரோல், டயர், உடை வாடகை, வரி எல்லாம் சேர்ந்ததா? காரில் உட்கார்ந்து ஓடுகிற நேரம் மொத்தம் எவ்வளவு? "இரண்டு நாள் பயிற்சி" என்பதில் ஓட்டம் வெறும் சில சுற்றுகளாகவும் இருக்கலாம். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள்? கார் கெட்டுப்போனால் அந்த நேரம் திரும்பக் கிடைக்குமா?

எல்லாவற்றையும்விட, இடித்துவிட்டால் யார் கட்டுவது, எவ்வளவு வரை? முன்பக்க இறக்கை இல்லாத காரிலும் சஸ்பென்ஷன் கம்பி ஒன்று வளைந்தால் செலவு வலிக்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதைக் கேட்காமல் சேர்த்துவிட்டு, பயிற்சிக் கட்டணத்துக்கு நிகரான தொகையைப் பழுதுக்குக் கட்டியது. வரம்பு எவ்வளவு என்று எழுத்தில் தராத பள்ளியில் சேர்க்காதீர்கள். காப்பீட்டில் மாணவருக்கு மருத்துவச் செலவு உண்டா, டிராக்கில் ஆம்புலன்ஸ் நிற்குமா என்பதையும் அதே தாளில் கேட்டு வாங்குங்கள்.

உடுப்பு

இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கார்ட் ஓட்டும் உடை வேறு, கார் ஓட்டும் உடை வேறு. கார்ட் உடை கீழே விழுந்து உராய்ந்தால் தோலைக் காப்பாற்றும், தீயைத் தாங்காது. காருக்குத் தீத்தாங்கும் உடை வேண்டும், எஃப்ஐஏ 8856 என்ற குறி காலரில் தைத்திருக்கும். ஹெல்மெட்டும் அப்படித்தான். பைக் ஹெல்மெட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் கார் ரேஸுக்கு ஆகாது. ஸ்நெல் எஸ்ஏ அல்லது எஃப்ஐஏ 8859 குறி இருக்கிறதா பாருங்கள். தொடக்கத்தில் எதையும் விலைக்கு வாங்க வேண்டாம், பள்ளியே வாடகைக்குத் தரும். ஹெல்மெட்டுக்குள் போடும் துணிமுகமூடி மட்டும் சொந்தமாக இருக்கட்டும். உள்ளே பருத்தி பனியன் போடுங்கள். நைலான், பாலியெஸ்டர் வேண்டவே வேண்டாம், சூட்டில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். காலுக்கு மெல்லிய அடிப்பாகமுள்ள ஒடுக்கமான ஷூ. பெடல்கள் நெருக்கமாக இருக்கும், தடித்த ஓட்டப்பயிற்சி ஷூ இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்துவிடும்.

கழுத்தைத் தாங்கும் ஹான்ஸ் கருவி தோளில் உட்கார்ந்து ஹெல்மெட்டோடு இணையும். அதைப் போட்டதும் தலையைத் திருப்பக் கஷ்டமாக இருக்கிறது என்று கழற்றக் கேட்காதீர்கள்.

உடம்புக்கு

மாலையில் வண்டிகளை நிறுத்திவிடும் பாண்டி கடற்கரைச் சாலையும், கடலூரில் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை மணலும் போதும். ஓட்டம், நீச்சல், முன்கைக்கும் கழுத்துக்கும் எளிய பயிற்சி. பவர் ஸ்டீயரிங் இல்லாத கார் என்பதால் கை சோர்ந்துவிடும்.

போகிற வழி

கடலூர்க்காரர்கள் பாண்டி வழியாகத் திண்டிவனம். அங்கிருந்து செங்கல்பட்டு தாண்டி, சிங்கப்பெருமாள் கோவிலில் இடப்பக்கம் பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் கொஞ்ச தூரம் வந்தால் இருங்காட்டுக்கோட்டை. ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நெரிசல் உண்டு. முந்தின இரவே போய் ஸ்ரீபெரும்புதூரில் தங்கிவிடுவது நல்லது. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து பயணப்பட்டு வந்த பிள்ளை, மதியத்துக்கு மேல் கவனம் சிதறித் தப்புச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். கோயம்புத்தூர் என்றால் ராத்திரி பஸ், ஆனால் ஒரு நாள் முன்பாகவே.

மே மாதம் என்றால் தீத்தாங்கும் உடைக்குள் வியர்வை ஆறாக ஓடும். முந்தின நாளிலிருந்தே தண்ணீர், மோர், இளநீர் குடிக்கத் தொடங்க வேண்டும். காலையில் இட்லி போதும், எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம்.

டிராக்கில் என்ன நடக்கும்

முதலில் உட்காரும் நிலையைச் சரிசெய்வார்கள், இதற்குப் பொறுமை வேண்டும். பிரேக்கை முழுசாக மிதித்தாலும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். முதுகு இருக்கையை விட்டுப் பிரியாமல் ஸ்டீயரிங்கின் மேல்புறத்தில் மணிக்கட்டு வைக்க முடிய வேண்டும். பெல்ட் இடுப்பெலும்பின் மேல் இறுக்கமாக உட்கார வேண்டும், வயிற்றின் மேல் அல்ல. குட்டையான பிள்ளைகளுக்கு முதுகுக்குப் பின்னால் மெத்தை வைப்பார்கள். கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது நடை. டிராக்கை நடந்தோ வேனிலோ சுற்றிக் காட்டுவார்கள். ஒவ்வொரு வளைவிலும் கோன் வைத்திருக்கும்: பிரேக் பிடிக்கும் இடம், திரும்பத் தொடங்கும் இடம், உள்விளிம்பைத் தொடும் இடம், வெளியேறும் இடம். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு வினாடிக்கு கிட்டத்தட்ட 28 மீட்டர் ஓடிவிடும். கண் அடுத்த கோனைப் பார்க்கும்போதே மனசு அதற்கடுத்ததில் இருக்க வேண்டும். பார்வை போகிற இடத்துக்குத்தான் கை போகும்.

பிறகு பயிற்சி. சில பழைய பள்ளிகளின் முறை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும்: ஒரே கியரில், பிரேக்கே தொடாமல் சில சுற்று. கியர், பிரேக் என்ற கவலை போய்விட, வண்டி எந்தக் கோட்டில் போகிறது என்பது மட்டுமே மாணவர் முன்னால் நிற்கும். கோடு தப்பினால் வேகம் குறைவது உடனே தெரியும்.

பிரேக் பயிற்சி தனி. நேராக வந்து, முதல் மிதியிலேயே அழுத்தமாக மிதித்து, சக்கரம் பூட்டுகிற எல்லைக்குச் சற்று முன்னால் அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்து, வளைவு நெருங்க நெருங்க மெல்ல விட வேண்டும். சாலையில் நாம் பழகியதற்கு இது நேர்மாறு. அங்கே மெல்லத் தொடங்கிக் கடைசியில் அழுத்துவோம். பள்ளிக் காரில், சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ் கிடையாது. டயர் பூட்டினால் கீச்சிட்டுப் புகை வரும், ஒரே இடம் தேய்ந்து தட்டையாகிவிடும், அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்த அதிர்வு தெரியும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு என்று பள்ளிப் பாடத்தில் படித்தது இங்கே காலுக்குப் புரியும்.

டயர் தாங்குகிற பிடி ஓர் அளவுதான். அதை முழுவதும் பிரேக்குக்குச் செலவழித்தால் திரும்புவதற்கு மிச்சமிருக்காது. கார் திரும்பாமல் முன்பக்கம் வெளியே தள்ளினால் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவார்கள் பிள்ளைகள். செய்ய வேண்டியது, திருப்பலைக் குறைத்து ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துவது. பின்பக்கம் நழுவினால் நழுவும் பக்கமே ஸ்டீயரிங், காலைச் சட்டென்று எடுக்காமல். காரை முழுசாக இழந்துவிட்டால் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து முழுசாக மிதித்து நின்றுவிட வேண்டும்.

வளைவுக்குள் மெதுவாகப் போய் வெளியே வேகமாக வர வேண்டும் என்பார்கள். சின்ன எஞ்ஜின் காரில் இது மிகத் துல்லியமாகத் தெரியும். வளைவை விட்டு வெளியே வந்ததும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஆர்பிஎம் எவ்வளவு என்று பார்த்து மனசில் வையுங்கள். 100 ஆர்பிஎம் குறைவாக வெளியேறினால் நேர்ப்பாதை முடிகிற வரை அந்தக் குறை கூடவே வரும். பெரிய எஞ்ஜின் அதை மூடி மறைத்துவிடும்.

கொடிகள்

வகுப்பில் தூங்கினாலும் இதில் தூங்கக்கூடாது. மஞ்சள் ஆடினால் முன்னால் ஆபத்து: வேகத்தைக் குறை, முந்தாதே. இரண்டு மஞ்சள் என்றால் பாதை மறிக்கப்பட்டிருக்கலாம், நிற்கத் தயாராக இரு. சிவப்பு என்றால் ஓட்டம் நின்றுவிட்டது, மெதுவாக பிட்டுக்கு (டிராக்கோரம் கார்கள் நிற்கும் இடத்துக்கு) திரும்பு. நீலம், உன்னைவிட வேகமானவர் பின்னால் வருகிறார். மஞ்சளும் சிவப்புமாகக் கோடு போட்டது, தரை வழுக்குகிறது. கறுப்பில் ஆரஞ்சு வட்டம், உன் காரில் கோளாறு, உள்ளே வா. மஞ்சளில் முந்துகிற பிள்ளையை நல்ல பள்ளி அன்றைக்கே இறக்கிவிடும். அப்படி இறக்கினால் பெற்றோர் சண்டைக்குப் போக வேண்டாம், அங்கே ஓர் ஆள் பாதையோரம் காரைத் தள்ளிக்கொண்டிருந்திருப்பார்.

அக்டோபர் முதல் டிசம்பருக்குள் போய் மழை பிடித்துக்கொண்டால் அதிர்ஷ்டம். ஈரத்தில் பயிற்சி கிடைப்பது அரிது. உலர்ந்த நாளில் எல்லாரும் ஓடுகிற கோடு ரப்பர் படிந்து வழவழப்பாக இருக்கும், மழையில் அதுதான் வழுக்கும். சற்று வெளியே தள்ளி, சொரசொரப்பான தரையைத் தேடி ஓட்டச் சொல்வார்கள். பெயின்ட் அடித்த விளிம்புகளைத் தொடவே கூடாது.

முடிந்த பிறகு

அன்றிரவே, தூங்குமுன், ஒவ்வொரு வளைவுக்கும் என்ன கியர், எங்கே பிரேக், பயிற்சியாளர் என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதுங்கள். டேட்டா தாள் கொடுத்தால் வாங்கி வையுங்கள். போட்டியில் இறங்க ஆசைப்பட்டால் எஃப்எம்எஸ்சிஐ என்ற இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பின் லைசென்ஸ் வேண்டும். மருத்துவச் சான்றும் வயதுச் சான்றும் கேட்பார்கள், பள்ளியே வழி சொல்லும். அதற்கடுத்து மாருதி எஞ்ஜின் பூட்டிய எல்ஜிபி ஃபார்முலா கார்கள், பிறகு 2023இல் தொடங்கிய இந்திய ஃபார்முலா 4.

பாண்டிக் குடும்பங்களில் பலருக்குப் பிரான்ஸில் சொந்தம் இருக்கிறது. அங்கே லெ மான் நகரில் இருக்கும், பிரெஞ்சு மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் எஃப்எஃப்எஸ்ஏ அகாடமி நடத்தும் ஃபார்முலா 4 போட்டியில் எல்லாக் கார்களையும் அகாடமியே பராமரிக்கிறது, தனி அணிகள் கிடையாது. பியர் காஸ்லி, இசாக் ஹஜார் போன்ற ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் பிரெஞ்சு ஃபார்முலா 4 வழியாக வந்தவர்கள். பிரெஞ்சு பேசத் தெரிந்த பிள்ளைக்கு அது யோசிக்கத் தகுந்த பாதை. ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் நேரம் காட்டிய பிறகு.

பணம் இப்போதைக்கு முடியாது என்கிற வீட்டுப் பிள்ளைகள் மார்ஷலாகச் சேரலாம். போட்டி நாட்களில் கொடி காட்டுவதும், நின்றுபோன காரை அப்புறப்படுத்துவதும் தன்னார்வலர்கள். 18 வயது முடிந்ததும் கிளப்பில் கேட்டுப் பாருங்கள், பயிற்சி கொடுத்து நிறுத்துவார்கள். ஒரே வளைவின் ஓரத்தில் நாள் முழுக்க நின்று, நல்ல ஓட்டுநர் எங்கே பிரேக்கை விடுகிறார், மற்றவர் எங்கே விடுகிறார் என்று காதால் கேட்டே பிரித்தறியலாம். அந்த இடத்துக்கு டிக்கெட் கிடையாது.